எட்டு மாதம் ‘ஏஐ தேடல் பேக்கேஜ்’: ஒரு பாய்க்கடைக்காரனின் விமர்சனம்

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா போன் பண்ணினார். “உங்க கடையில சொன்ன மாதிரியேதாங்க செஞ்சேன், பாய்ல சாயம் பூராம் இறங்கிருச்சு” என்றார். குரல் அழுகிற மாதிரி இருந்தது. நான் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. அவர் என்னிடம் பாய் வாங்கியவரும் இல்லை.

விசாரித்தால் கதை இது. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப்பாய், மாப்பிள்ளை பேரும் பெண் பேரும் நெய்தது, ஆறு வருஷமாக பீரோவில் இருந்திருக்கிறது. பேரன் அதில் பாலைக் கொட்டிவிட்டான். பத்தமடைப் பட்டுப்பாயை எப்படிச் சுத்தம் செய்வது என்று அம்மா போனில் கேட்டிருக்கிறார். தேடலின் உச்சியில் இப்போது ஏஐ ஒரு பெட்டியில் பதில் சொல்கிறதே, அது சொல்லியிருக்கிறது: வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, சோப்பு போட்டுக் கழுவி, நல்ல வெயிலில் உலர்த்தவும். பக்கத்தில் சின்னதாக எங்கள் கடைப் பெயர். தட்டினால் எங்கள் வெப்சைட். அங்கேயும் அப்படியேதான் எழுதியிருந்தது. பெட்டி பொய் சொல்லவில்லை, எங்கள் தளத்தில் இருந்ததைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறது.

எழுதியது நான் இல்லை. மாதம் 12,000 ரூபாய் கொடுத்து எழுதவைத்தேன்.

இந்த விமர்சனம் அந்தப் பன்னிரண்டாயிரத்தைப் பற்றியது. ‘ஏஐ தேடல் பேக்கேஜ்’ என்று பெயர். கொடுத்தவர்கள் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ் போட்டிருக்கும் டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனி. கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை. இருபத்து நாலு, இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைகள் அஞ்சாறு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள், பிழைத்துப் போகட்டும். இதே பேக்கேஜை இதே வார்த்தைகளில் மற்ற ஊர்களிலும் விற்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் ஆளை விட்டுவிட்டுச் சரக்கைப் பற்றிப் பேசுவோம்.

எங்கள் கடை நெல்லை டவுனில், வாகையடி முக்கிலிருந்து நடக்கிற தூரத்தில். அப்பா ஆரம்பித்தது. கோரைப்பாய், கல்யாணப்பாய், பனையோலைப் பெட்டி, சுளகு. பத்தமடையில் மூன்று வீட்டில் நெய்து வாங்குகிறோம். 2016-இல் தங்கச்சி மாப்பிள்ளை ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தார். ராத்திரி கடை சாத்திவிட்டு வந்து, சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் அதில் எழுதுவேன். எனக்கு எழுத்து வரும் என்பது அப்போதுதான் எனக்கே தெரியும்.

என்ன எழுதுவேன்? தாமிரபரணிக் கரைக் கோரையைப் பச்சையாக அறுப்பார்கள். வெயிலும் பனியும் பட்டு நிறம் மாறும்வரை காயப்போடுவார்கள். அப்புறம் கீறி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊறிய கோரையைத் தலைமுடி கனத்துக்குச் சன்னமாகக் கீறினால்தான் பட்டுப்பாய்க்கு ஆகும். அப்படி நெய்த பாயைத் துணி மாதிரி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம். ‘பட்டு’ என்பது அந்த வழவழப்புக்கு வைத்த பேர், பாவுக்குப் பெரும்பாலும் பருத்தி நூல்தான் போடுகிறார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் இதைக் கேட்டு ஏமாந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் எழுதினேன். கோரையை ஊறப்போடுவது பற்றித் தனியாக ஒரு கட்டுரையே போட்டேன். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஆட்கள் வந்தார்கள். 2024 ஜூன் மாதத்தில் எங்கள் பக்கங்கள் தேடலில் 38,000 முறை கண்ணில் பட்டிருக்கின்றன, 1,900 பேர் தட்டி உள்ளே வந்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் அதே ஜூனில் பார்த்தால், கண்ணில் பட்டது 51,000. உள்ளே வந்தது 640. கடை வாசலில் நிற்கிற கூட்டம் கூடியிருக்கிறது, படியேறுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு. முதலில் வெப்சைட்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, அது போட்டுக்கொடுத்த மச்சானைப் பிடித்துத் திட்டினேன். பாவம் அவர்.

மகள் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். அவள்தான் உட்காரவைத்துச் சொன்னாள். கூகுள் இந்தப் பெட்டிக்கு ‘ஏஐ ஓவர்வியூஸ்’ என்று பெயர் வைத்து 2024 மே மாதம் அமெரிக்காவில் திறந்துவிட்டது. ஆகஸ்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும், அப்புறம் தமிழிலும். பதிலே மேலே வந்துவிட்டால் கீழே எவன் தட்டப்போகிறான்? அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 900 பேர் 2025 மார்ச்சில் செய்த தேடல்களைப் பார்த்துக் கணக்கு எடுத்திருக்கிறது. ஏஐ சுருக்கம் வந்த இடங்களில் நூற்றுக்கு 8 தடவைதான் கீழே உள்ள இணைப்பைத் தட்டியிருக்கிறார்கள். சுருக்கம் வராத இடங்களில் 15. சுருக்கத்துக்கு உள்ளேயே ஆதாரம் என்று காட்டுகிறார்களே, அதைத் தட்டியது நூற்றுக்கு 1. அது அமெரிக்கக் கணக்கு. ஆனால் என் 1,900-க்கும் 640-க்கும் நடுவில் நடந்தது என்ன என்பது எனக்கு விளங்கிவிட்டது.

இது நேற்று ஆரம்பித்த சங்கதியும் இல்லை. ஏஐ பெட்டி பரவும் முன்பே, ஸ்பார்க்டோரோ என்ற நிறுவனம் 2024-இல் ஒரு கணக்கு வெளியிட்டது: அமெரிக்காவில் கூகுளில் ஆயிரம் தடவை தேடினால் 360 தட்டல்தான் வெளியே உள்ள தளங்களுக்குப் போகிறது. மீதி, பதிலை அங்கேயே பார்த்துவிட்டு மூடிவிடுவது, திரும்பத் தேடுவது, கூகுளின் சொந்த இடங்களுக்கே போவது. நமக்கு வந்துகொண்டிருந்ததே அந்த முந்நூற்று அறுபதில் ஒரு துளி.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வராமல் போனவர்கள் யார் என்று பார்த்தேன். ‘கோரைப்பாயில் படுத்தால் சூடு குறையுமா’, ‘பாய் நன்மைகள்’, ‘கர்ப்பிணி பாயில் படுக்கலாமா’ என்று கேட்டவர்கள். இவர்கள் ஒருவரும் பாய் வாங்கியதில்லை. தளத்தில் ஓடும் விளம்பரத்துக்கு வருகிற காசு மட்டும்தான் நஷ்டம், அது நூறு டாலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும். முன்பு நாலு மாசத்துக்கு ஒருமுறை சேரும், கடைசியாகச் சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வாட்ஸ்அப்பில் கல்யாணப்பாய் கேட்டு வருகிறவர்கள் மாதம் 38-லிருந்து 29 ஆகியிருந்தார்கள். வலிக்கிறதுதான், ஆனால் கடையை மூடுகிற அளவுக்கு இல்லை. இந்தக் கணக்கை அன்றைக்கே பொறுமையாகப் போட்டிருந்தால் 96,000 ரூபாய் மிச்சம். நான் அந்த 640-ஐ மட்டும் பார்த்து வெலவெலத்துப்போனேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தத் தம்பி கடைக்கு வந்தான். நல்ல வெள்ளைச் சட்டை, தோளில் லேப்டாப் பை.

“அண்ணாச்சி, எஸ்இஓ எல்லாம் செத்துப்போச்சு. இனிமே ஜிஇஓதான். தேடுற பக்கத்துல முதல்ல வர்றது முக்கியமில்ல, ஏஐ வாயில உங்க பேரு வரணும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், நாங்க பாத்துக்கிடுதோம்.”

‘நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிட வேண்டும். நான் டீ சொன்னேன்.

மாதம் 12,000, ஜிஎஸ்டி சேர்த்து 14,160. குறைந்தது எட்டு மாதம். 2025 ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டேன். அதில் என்னென்ன அடக்கம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். மாதம் அஞ்சு கட்டுரை, ‘எல்எல்எம்எஸ் டாட் டிஎக்ஸ்டி’ என்று ஒரு கோப்பு, கேள்வி-பதிலுக்கு ஸ்கீமா என்ற குறியீடு, தளத்தை வேகமான இடத்துக்கு மாற்றுவது, மேப்பில் கடை விவரம் சரிசெய்வது, மாதாமாதம் ரிப்போர்ட்.

உருப்படியானதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஒன்றுதான். மேப்பில் எங்கள் கடை எதிர்ச்சாரி லாட்ஜ் மேல் குத்தியிருந்தது. லாட்ஜ் வரவேற்பில் போய் “பாய் இருக்கா” என்று கேட்டு, அவர்கள் ரூமுக்கு ஒரு பாய் எடுத்துக்கொடுத்த கதையெல்லாம் உண்டு. போன் நம்பர் அப்பா காலத்து லேண்ட்லைன், அது அறுந்தே நாலு வருஷம். ஞாயிறு திறப்பு என்று வேறு போட்டிருந்தது. இதை எல்லாம் அந்தத் தம்பி ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து சரிசெய்தான். கடை முகப்பைப் படம் எடுத்தான், உள்ளே பாய் அடுக்கையும் எடுத்தான். மறுவாரத்திலிருந்தே வித்தியாசம் தெரிந்தது. நெல்லையப்பர் கோயிலுக்கு வந்துவிட்டு அல்வா வாங்கப் போகிற வெளியூர்க்காரர்கள் மேப்பைப் பார்த்து நேரே கடைக்கு வந்தார்கள். ஏஐ கேட்டாலும் மேப் கேட்டாலும் நேரமும் நம்பரும் ஒன்றுபோலச் சொன்னது. இதற்கு மூவாயிரம், நாலாயிரம் தரலாம், ஒருமுறை.

மற்றதைப் பாருங்கள்.

அந்த டிஎக்ஸ்டி கோப்பு. ஏஐக்கென்றே தளத்தின் சாரத்தை எழுதி வைக்கும் கோப்பு என்றார்கள். இது 2024 செப்டம்பரில் ஜெரமி ஹாவர்ட் என்பவர் முன்வைத்த யோசனை. நல்ல யோசனையாகவே இருக்கட்டும், படிக்கிறவன் படிக்க வேண்டாமா? கூகுளில் இருக்கும் ஜான் முல்லர், அந்தக் காலத்தில் பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் எழுதிவைத்த ‘கீவேர்ட்ஸ்’ மெட்டா டேகோடு இதை ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார். அந்த டேகில் கடைக்காரன் தன்னைப் பற்றித் தானே எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்வான், அதனாலேயே தேடுபொறிகள் அதைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டன. எங்கள் கோப்பை எந்த ஏஐ பாட்டாவது, அதாவது தளம் தளமாகப் போய்ப் படித்துவரும் தானியங்கி நிரலாவது, எட்டிப் பார்த்ததா என்று மகள் சர்வர் பதிவில் தேடினாள். இரண்டு மாதத்தில் இரண்டே தடவை திறந்திருக்கிறது. ஒன்று அவள் போனிலிருந்து. இன்னொன்று அந்த ஆபீசிலிருந்து.

கேள்வி-பதில் ஸ்கீமா. தேடலில் நம் பக்கத்துக்குக் கீழே கேள்விகள் விரிந்து நிற்குமே, அதற்காகப் போடுவது. அந்த வசதியை கூகுள் 2023 ஆகஸ்டிலேயே அரசாங்கத் தளங்களுக்கும் பேர்பெற்ற மருத்துவத் தளங்களுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டது. பாய்க்கடை அதில் எங்கே வரும்?

அடுத்தது ரிப்போர்ட். மாதம் ஒன்றாம் தேதி பிடிஎஃப் வரும், பார்க்க அழகாக இருக்கும். அதில் ஏஐ அரட்டையின் ஸ்கிரீன்ஷாட், பதிலில் எங்கள் கடைப் பெயர் முதலாவதாக. அக்டோபர் ரிப்போர்ட்டை மாமனாருக்கெல்லாம் அனுப்பினேன். நவம்பரில்தான் மகள் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மேலே இருந்த கேள்வியைப் படித்தாள். எங்கள் கடைப் பெயரைச் சொல்லி, ‘திருநெல்வேலி டவுனில் இந்தப் பாய்க்கடை நல்லதா’ என்று கேட்டிருக்கிறார்கள். என் பேரைச் சொல்லிக் கேட்டால் என் பேர் வராமல் பக்கத்துக் கடைக்காரன் பேரா வரும்?

நாங்களே சோதித்தோம். அவள் போன் ஏர்டெல். 2025 ஜூலையில் ஏர்டெல்காரர்களுக்கு பெர்ப்ளெக்ஸிட்டி ப்ரோ என்ற ஏஐ தேடல் செயலியை ஒரு வருஷம் சும்மா கொடுத்தார்களே, அது அவளிடம் இருந்தது. என் போனில் வேறு ஒன்று. பத்து நாள், தினமும் ஒரு தடவை, இரண்டு போனிலும் ஒரே கேள்வி: ‘பத்தமடை பட்டுப்பாய் எங்கே வாங்கலாம்?’ மொத்தம் இருபது பதில். எங்கள் பெயர் வந்தது மூன்றில். மீதியில் ஒருநாள் கைவினைப் பொருள் விற்கும் பெரிய தளங்கள், ஒருநாள் அரசாங்கத்தின் பூம்புகார் கடை, ஒருநாள் பத்தமடைக்கே போய் வாங்குங்கள் என்று. கடைசிப் பதில் எனக்கே பிடித்திருந்தது, தப்பில்லையே. ஒரே கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பதில் கட்டுகிற சாதனம் இது. முன்பு ‘முதல் பக்கத்தில் மூன்றாவது இடம்’ என்று ஒருவன் சொன்னால் நாமும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இதில் இடம் என்று ஒன்று நிலையாக இல்லை. இல்லாத இடத்தை மாத வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

இன்னொரு தொல்லையும் அந்தச் சோதனையில் தெரிந்தது. விலை கேட்டால் ஒரு செயலி ‘பத்தமடை பாய் 399 ரூபாய் முதல்’ என்கிறது. பிளாஸ்டிக் பாயையும் கோரைப்பாயையும் ஒரே கூடையில் போட்டுச் சொல்கிறது. எங்களிடம் பேர் போட்ட பட்டுப்பாய் 4,800-இல் ஆரம்பம். கடைக்கு வந்து போனை நீட்டி “இதுல இப்படிப் போட்டிருக்கே” என்கிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. அவர்களுக்கு இரண்டு பாயையும் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்வேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். போனில் தடவ முடியாதே.

இப்போது கட்டுரைகள். மாதம் அஞ்சு, எட்டு மாதத்தில் நாற்பது. நான் முதல் இரண்டைப் படித்தேன். ‘பாரம்பரியத்தின் பெருமையைப் பறைசாற்றும் கைவண்ணம்’ என்று ஆரம்பித்தது. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி ஞாபகம் வந்துவிட்டது, மூடி வைத்துவிட்டேன். மீதி முப்பத்தெட்டைப் படிக்காதது என் தப்பு, அதில் சாக்குச் சொல்ல மாட்டேன்.

கோயம்புத்தூர் போன் வந்த அன்றைக்கு ராத்திரி, அதுவரை போட்டிருந்த எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தோம். ஒன்றில் பத்தமடை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. ஒன்றில் பாயை மூங்கிலில் நெய்தார்கள். பராமரிப்புக் கட்டுரையில் அந்த வெந்நீர். எனக்கு முதலில் புரியவே இல்லை, இவ்வளவு துல்லியமாக ஊறவைக்கிற சமாச்சாரத்தை எங்கிருந்து பிடித்தது இது?

மறுநாள் பத்தமடைக்குப் போனேன். எங்களுக்கு இருபது வருஷமாக நெய்து தருகிற அக்காவிடம் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். அவர் தறியில் உட்கார்ந்தபடியே கேட்டார். கை நிற்கவில்லை. ஒவ்வொரு இழையாகக் கோர்த்து அச்சை இறக்கி, இறக்கி. நான் முடித்ததும் சொன்னார்:

“தம்பி, கோரையைத்தானே ஊறப்போடுவோம். பாயையா ஊறப்போடுவாக?”

அங்கேயே விளங்கியது. அது என் கட்டுரை. கோரையை ஊறப்போடுவது பற்றி நான் 2017-இல் எழுதியது. கம்பெனிக்காரர்கள் எங்கள் பழைய பக்கங்களை எல்லாம் ஏஐக்குள் போட்டு ‘இதை வைத்துப் புதிதாக எழுது’ என்றிருக்கிறார்கள். நெய்வதற்கு முன்னால் செய்வதை நெய்த பின்னால் செய்வதாக அது மாற்றிவிட்டது. ஓடுகிற தண்ணீர் வெதுவெதுப்பான தண்ணீர் ஆனது. அதைத் தேடல் பெட்டி எடுத்துக் கோயம்புத்தூருக்குக் கொடுத்தது, எங்கள் கடைப் பெயரையும் ஒட்டி. ஏஐ வாயில் என் பேர் வரவேண்டும் என்றுதான் காசு கொடுத்தேன். வந்துவிட்டது.

2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுளின் பெட்டி பீட்சாவில் சீஸ் ஒட்டுவதற்குப் பசை சேர்க்கச் சொல்லி உலகமே சிரித்ததே, அது ரெடிட்டில் யாரோ விளையாட்டாகப் பல வருஷம் முன் எழுதியதிலிருந்து வந்தது. அங்கே ஒருவன் கேலிக்கு எழுதினான். இங்கே நான் பில் கட்டி எழுதவைத்தேன்.

(பட்டுப்பாயில் எதையாவது கொட்டிவிட்டால்: உடனே பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் கோரை ஓடுகிற வாக்கில் துடையுங்கள். நிழலில் காற்றாட விரித்துப் போடுங்கள். ஈரத்தோடு மடிக்கக் கூடாது. இதை எந்தப் பெட்டி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.)

கட்டுரையை அன்றைக்கே அழித்தோம். பெட்டியில் பதில் மாறப் பதினெட்டு நாள் ஆனது. ஒரு அரட்டைச் செயலி மட்டும் மார்ச் கடைசி வரை ஊறவைக்கவே சொல்லிக்கொண்டிருந்தது. ஏன் என்று மகள் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஏஐக்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. ஒன்று, எப்போதோ படித்து மனசில் ஏற்றிக்கொண்டதிலிருந்து. இன்னொன்று, கேட்டவுடன் எழுந்து போய் நாலு தளத்தைப் பார்த்துவிட்டு வந்து. இரண்டாவதை நாம் திருத்திவிடலாம், அடுத்த தடவை வந்து பார்க்கும்போது புதிது கிடைக்கும். முதலாவது மனப்பாடம். அதை நாம் போய் அழிக்க முடியாது, அவர்கள் அடுத்த தடவை பாடம் படிக்கும்வரை அப்படியேதான். ஒருவேளை பார்த்த பக்கத்தின் பழைய நகலை எங்காவது வைத்திருந்திருக்கலாம். எப்படியோ, அது நம் கையில் இல்லை.

இதற்கு நடுவில் வந்தது பாருங்கள், அதுதான் உச்சம். தளத்தை வேகமான இடத்துக்கு மாற்றுகிறோம் என்று ஆகஸ்டில் கிளவுட்ஃப்ளேரில் சேர்த்திருந்தார்கள். தளத்துக்கு முன்னால் நின்று வருகிறவர்களைக் கையாளுகிற நல்ல சேவை, தளம் வேகமாகத்தான் திறக்கிறது. அந்த நிறுவனம் 2025 ஜூலை 1-ஆம் தேதி வெளிப்படையாகவே அறிவித்திருந்தது: புதிதாகச் சேருகிற தளங்களில் ஏஐ பாட்டுகளைத் தடுத்து வைப்பதே இனி இயல்பான அமைப்பு, வேண்டுமென்றால் உரிமையாளர் திறந்துவிடலாம். எழுதுகிறவர்களின் சரக்கைக் கேட்காமல் அள்ளிக்கொண்டு போகிறார்களே என்பதற்காகச் செய்த ஏற்பாடு, எனக்கு அதில் சம்மதம்தான். ஆனால் ஏஐயில் பேர் வரவைக்க மாதம் 12,000 வாங்குகிறவன் அதைத் திறந்துவிட வேண்டுமா இல்லையா? ஜனவரியில் மகள் உள்ளே போய்ப் பார்க்கிறாள், ஆகஸ்டிலிருந்து எல்லாப் பாட்டும் வாசலிலேயே நிற்கிறது. ஓப்பன்ஏஐயின் ஜிபிடிபாட் உட்பட. தேடுபொறிகளின் வழக்கமான பாட்டுக்கு அந்தத் தடை கிடையாது, அதனால்தான் தேடல் பெட்டிக்கு மட்டும் எங்கள் பக்கங்கள் போய்க்கொண்டிருந்தன. கதவைப் பூட்டிவிட்டு, வாசலில் நின்று “வாங்க வாங்க” என்று கூப்பிட அஞ்சு மாதச் சம்பளம்.

அந்தத் தம்பியிடம் கேட்டேன். “அப்படியா அண்ணாச்சி?” என்றான். உண்மையாகவே அவனுக்குத் தெரியாது. அது கோபத்தை அதிகமாக்கியது.

டிசம்பரில் நானே ஒரு பக்கம் எழுதினேன். தலைப்பு: ‘பேர் போட்ட கல்யாணப்பாய் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்?’ நாற்பது நாள். பேருக்கு எத்தனை எழுத்து தாங்கும், நீளம் அகலம், எந்தச் சிவப்பு எப்படி இருக்கும், மழைக்காலத்தில் ஏன் பத்து நாள் கூட ஆகும், விலை, கூரியர் செலவு. ஒரு பாயின் ஓரம் சரியாக வராமல் நாங்கள் திருப்பிக் கொடுத்த படமும் போட்டேன். மொத்தம் ஒன்றரைப் பக்கம். கம்பெனியில் “ரொம்பச் சின்னதா இருக்கு, ஆயிரத்தைந்நூறு வார்த்தையாவது வேணும்” என்றார்கள். சவத்தை விடு என்று அப்படியே போட்டுவிட்டேன். தை, மாசி கல்யாண நாளுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்த ஆர்டர் பதினொன்று. அதில் நாலு பேர் ஏஐ சொல்லி வந்தவர்கள். கேட்டதும் “நாப்பது நாள் ஆகுமாமே, இப்ப சொன்னா மாசிக்குக் கிடைக்குமா” என்றார்கள், அதனால் தெரிந்தது. அரட்டைச் செயலிகளிலிருந்து எட்டு மாதத்தில் தளத்துக்கு வந்தவர்களே 71 பேர்தான், பெரும்பாலும் ஜனவரியில் கதவைத் திறந்துவிட்ட பிறகு. ஆனால் வருகிறவர்கள் பாதி முடிவு செய்துவிட்டு வருகிறார்கள். ‘பாயில் படுத்தால் சூடு குறையுமா’ ஆட்கள் இல்லை.

மார்ச் மாதக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தேடலில் கண்ணில் பட்டது 57,000. உள்ளே வந்தது 590. வாட்ஸ்அப் விசாரணை 34. பேக்கேஜ் தூக்கி நிறுத்துவதாகச் சொன்னது நடுவில் இருக்கிற எண்ணை. அது இன்னும் ஐம்பது இறங்கியிருக்கிறது. ஏறியது கடைசி எண், அதற்குக் காரணம் மேப்பும் அந்த ஒன்றரைப் பக்கமும்.

யாராவது இந்தப் பேக்கேஜோடு உங்கள் கடைக்கு வந்தால், முதலில் ஸ்கிரீன்ஷாட்டில் கேள்வி என்ன என்று படியுங்கள். கட்டுரையை நீங்கள் படித்துச் சரி சொல்லாமல் ஏற்றக்கூடாது என்று தாளில் எழுதி வாங்குங்கள். டொமைன், கிளவுட்ஃப்ளேர் எல்லாவற்றின் பாஸ்வேர்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும். எங்களுடையது அவர்கள் பெயரில் இருந்தது. மேப் வேலையை மட்டும் தனியாகச் செய்வீர்களா என்று கேளுங்கள், செய்வார்கள்.

கோயம்புத்தூர் அம்மாவுக்கு அதே இரண்டு பேரைப் போட்டு அடக்க விலைக்கு ஒரு பாய் நெய்து கொடுத்தோம். முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் மகள் பெயருக்குப் பழைய பாயில் இருந்த அதே எழுத்து அளவு வேண்டும் என்று படம் அனுப்பினார். பத்தமடை அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அது யார் வீட்டுத் தறியில் நெய்தது என்று தெருவோடு சொல்லிவிட்டார்.

ஒப்பந்தம் மார்ச் 31-இல் முடிந்தது. மறுவாரம் சாயங்காலம் அந்தத் தம்பி தானாகவே கடைக்கு வந்தான். லேப்டாப் பை இல்லை. “தப்பு எங்க மேலதான் அண்ணாச்சி, நாங்களும் படிச்சுப் பாக்கல” என்றான். கூட்டத்தில் நின்று வாங்கி வந்த அரைக்கிலோ அல்வாவை மேஜையில் வைத்தான். இன்னும் சூடு ஆறவில்லை, வாழையிலையில் நெய் கசிந்துகொண்டிருந்தது.

“ஏலே, எட்டு மாசமா கொடுத்தது போதாதா?” என்றேன். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். ஒன்று மேப்புக்கு. ஒன்று அவன் வந்ததற்கு. பாஸ்வேர்ட் இன்னும் வரவில்லை.